அகலமான டயர் சாலையை அதிகமாகப் பற்றுமா?

சில ஆண்டுகளுக்கு முன் மேற்கு மாவட்டக் கிராமம் ஒன்றில் நடந்த கரும்பு சாகுபடிப் பயிற்சியில், பயிற்சி முடிந்து எல்லோரும் எழுந்த பின்னும் ஒரு விவசாயி மட்டும் உட்கார்ந்தே இருந்தார். அருகில் சென்றதும், "ஏனுங்க சார், அகலமான டயராப் பார்த்துத்தானுங்க போட்டேன். அப்புறம் எப்படிங்க வழுக்குச்சு?" என்று கேட்டார். விசாரித்ததில் விவரம் தெரிந்தது. தம் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் முன்பு இருந்ததைவிட அகலமான டயர்களை அவர் வாங்கிப் பொருத்தியிருக்கிறார். அகலமான டயர் சாலையை நன்றாகப் பிடிக்கும், பிரேக் போட்டால் உடனே நிற்கும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஐப்பசி மாத மழையில், கரும்புப் பாரத்துடன் ஓடைப் பாலத்தை நோக்கி இறங்கியபோது அவருடைய மகன் பிரேக்கை அழுத்தினார். சக்கரங்கள் நின்றன, ஆனால் வண்டி நிற்கவில்லை. பின்னால் வந்த பாரம் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறக்கியது. மகனுக்குக் கால் முறிந்தது.

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் முழுமையாகப் பதில் கூற இயலவில்லை. நான் உழவியல் துறையைச் சேர்ந்தவன். பின்னர்ப் பண்ணைப் பொறியியல் துறை நண்பர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். டயரின் அகலம் சாலையில் ஒரு விதமாகவும் வயலில் வேறு விதமாகவும் வேலை செய்கிறது. இவ்வேறுபாடு தெரியாவிட்டால் பணமும் வீணாகும், உயிருக்கும் ஆபத்து நேரிடும்.

உராய்வு என்பது என்ன?

ஒரு பொருள் மற்றொரு பொருளின் மேல் நகரும்போது அந்நகர்ச்சியைத் தடுக்கும் விசையே உராய்வு ஆகும். உராய்வு இல்லையேல் டிராக்டர் இழுக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. உராய்வு எதைப் பொறுத்தது என்பதை வீட்டிலேயே ஒரு செங்கல்லைக் கொண்டு சோதித்து அறியலாம்.

ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள ஒரு செங்கல்லைச் சிமெண்டுத் தரையில் படுக்க வைத்துக் கயிறு கட்டி, ஸ்பிரிங் தராசைக் கொண்டு மெதுவாக இழுக்கவும். செங்கல் நகரும்போது தராசு காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளவும். பின்னர் அதே செங்கல்லைக் குறுகிய பக்கம் தரையில் படுமாறு நிறுத்தி இழுத்துப் பார்க்கவும். தரையைத் தொடும் பரப்பு வெகுவாகக் குறைந்துவிட்டாலும் தராசு காட்டும் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். இனி, ஒரு செங்கல்லின் மேல் மற்றொரு செங்கல்லை வைத்து இழுத்தால் இழுவிசை இரு மடங்காகும்.

இதிலிருந்து, உராய்வு என்பது பொருள் தரையை அழுத்தும் எடையையும், தொடும் இரு பரப்புகளின் தன்மையையும் பொறுத்ததே அன்றி, தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று என்பது விளங்கும். இவ்விதியைப் பிரான்சு நாட்டு அறிஞர் அமோன்டன் 1699-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பரப்பு அதிகமானால் எடை பரவலாகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலுள்ள அழுத்தம் குறைகிறது. பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடுகிறது. ஒன்று கூடும்போது மற்றொன்று குறைவதால் மொத்த உராய்வு மாறுவதில்லை.

உராய்வு விசை எடையில் எத்தனை பங்கு என்பதை உராய்வு எண் என்று கூறுவர். டயருக்கும் உலர்ந்த தார்ச்சாலைக்கும் இடையே இது ஏறத்தாழ 0.7 ஆகும். நனைந்த தார்ச்சாலையில் 0.4 வரையிலும், சேறு படிந்த சாலையில் 0.25 அல்லது அதற்குக் கீழும் குறைந்துவிடும்.

டயரின் தடம்

டயர் சாலையைத் தொடும் இடத்தைத் தடம் என்று வைத்துக்கொள்வோம். டயரை அகலமாக்கினால் தடமும் பெரிதாகும் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. டயருக்குள் இருக்கும் காற்றே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே தடத்தின் பரப்பு, பாரத்தைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் அளவை ஒட்டியே இருக்கும்.

எடுத்துக்காட்டாக, டிராக்டரின் ஒரு பின் சக்கரத்தின் மேல் 600 கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். காற்றழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ, அதாவது ஏறத்தாழ 14 பவுண்டு. அப்படியானால் தடத்தின் பரப்பு ஏறத்தாழ 600 சதுர சென்டிமீட்டர் ஆகும். டயரின் தடம் 30 செ.மீ. அகலமானால் அதன் நீளம் 20 செ.மீ. இருக்கும். 40 செ.மீ. அகலமான டயரைப் போட்டு அதே அளவு காற்றை நிரப்பினால் நீளம் 15 செ.மீ. ஆகிவிடும். தடத்தின் வடிவம் மாறுகிறதே தவிரப் பரப்பு மாறுவதில்லை. டயரின் பக்கச் சுவர் விறைப்பாக இருப்பதாலும், மேட்டுப் பட்டைகளுக்கு இடையே பள்ளங்கள் இருப்பதாலும் இக்கணக்கு சற்று முன்பின்னாகும். எனினும் பாரமும் காற்றுமே முதன்மையானவை என்பதில் ஐயமில்லை.

இதனை நேரில் காண விரும்புவோர், டிராக்டரைச் சிமெண்டுக் களத்தில் நிறுத்தி, பின் டயரைச் சுற்றிலும் கோலப்பொடியைத் தூவிவிட்டு, டிராக்டரை மெல்ல நகர்த்திப் பார்க்கலாம். பொடி படாத இடமே தடம். அதை அளந்துகொண்டு, காற்றைச் சிறிது குறைத்து மீண்டும் சோதித்தால் தடம் நீண்டிருப்பதைக் காணலாம்.

அப்படியானால் அகலத்தால் சாலையில் பயனே இல்லையா?

சில பயன்கள் உண்டு. ரப்பர் செங்கல்லைப் போன்றதன்று. அது நெகிழ்ந்து சாலையிலுள்ள சிறு மேடுபள்ளங்களில் படிந்துகொள்கிறது. அழுத்தம் மிகவும் கூடும்போது ரப்பரின் உராய்வு எண் சிறிது குறைகிறது. ஆகவே அகலமான டயரில் குறைந்த காற்று வைத்து ஓட்டினால் உலர்ந்த சாலையில் சிறிதளவு பிடிப்புக் கூடுவது உண்மையே. பந்தயக் கார்களுக்கு மிக அகலமான டயர்களைப் பொருத்துவதற்கு இது ஒரு காரணம். அந்த டயர்களில் மிருதுவான ரப்பர் பயன்படுகிறது. மிருதுவான ரப்பர் நன்றாகப் பற்றும். ஆனால் விரைவில் சூடேறித் தேய்ந்துவிடும். சூட்டையும் தேய்மானத்தையும் அதிகப் பரப்பில் பகிர்ந்துகொள்ளவே அகலம் பெரிதும் உதவுகிறது. நம் டிராக்டர் டயர்களின் ரப்பர் நீண்ட நாள் உழைக்கும்படி கடினமாகச் செய்யப்படுவது.

மேலும், அகலமான டயர் குறைந்த காற்றழுத்தத்திலேயே அதே பாரத்தைத் தாங்கும். வயலுக்கு இது பெரும் பயனாகும். இது குறித்துப் பின்னர்க் காண்போம்.

மழை நாளில் சாலையில் அகலம் சில சமயம் பாதகமாகவும் முடியும். சாலையில் நீர் தேங்கியிருக்கும்போது டயர் அந்நீரை ஒதுக்கித் தள்ளிய பின்னரே சாலையைத் தொட முடியும். அகலமான டயர் அதிக நீரை ஒதுக்க வேண்டியிருக்கிறது. வேகமாகச் செல்லும் கார், ஜீப் ஆகியவற்றில் நீரை ஒதுக்க நேரம் போதாமல் டயர் நீரின் மேலேயே மிதந்துவிடும். காற்றழுத்தம் குறைவாக இருப்பின் இம்மிதப்பு குறைந்த வேகத்திலேயே நிகழும். டிராக்டர் செல்லும் வேகத்தில் மிதப்பு நேரிடுவது அரிது. டிராக்டருக்கு எமன் வேறொன்று. அது வயலிலிருந்து சக்கரங்களே கொண்டுவந்து சாலையில் பூசும் களிமண். முதல் மழையில் இதனுடன் புழுதியும் எண்ணெய்ப் பசையும் கலந்து வழவழப்பான பூச்சாகிவிடும். டயர் எவ்வளவு அகலமாயினும் இந்தப் பூச்சின் மேல்தான் நிற்கிறது.

பாரவண்டி நிற்கும் தூரம்

இனி அந்த விவசாயியின் வண்டி ஏன் நிற்கவில்லை என்று பார்ப்போம். பெரும்பாலான டிராக்டர்களில் பின் சக்கரங்கள் இரண்டிற்கு மட்டுமே பிரேக் உண்டு. நம் கிராமங்களில் ஓடும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே இல்லை. பிரேக் இல்லாத சக்கரம் உருண்டுகொண்டுதான் இருக்கும். அதில் எவ்வளவு அகலமான டயரைப் போட்டாலும் வண்டியை நிறுத்த அது உதவாது. இரண்டு பின் டயர்களின் உராய்வைக் கொண்டே டிராக்டர், டிரெய்லர், பாரம் மூன்றையும் நிறுத்தியாக வேண்டும்.

2 டன் எடையுள்ள டிராக்டர், பாரத்துடன் 5 டன் எடையுள்ள இரு சக்கர டிரெய்லரை இழுப்பதாகக் கொள்வோம். மொத்த எடை 7 டன். டிராக்டரின் சொந்த எடையில் 1,300 கிலோவும், டிரெய்லரின் கொக்கி வழியாக வரும் பாரம் 700 கிலோவும் சேர்ந்து பின் சக்கரங்களின் மேல் 2,000 கிலோ அழுத்துகிறது எனலாம். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். பிரேக் நல்ல நிலையில் இருந்து, சக்கரங்கள் உடனே பிடிபட்டால் வண்டி நிற்கும் தூரம் ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்.

உலர்ந்த தார்ச்சாலை: சமதளத்தில் 12 மீட்டர், 20 அடிக்கு 1 அடி இறக்கத்தில் 16 மீட்டர்.

நனைந்த தார்ச்சாலை: சமதளத்தில் 22 மீட்டர், இறக்கத்தில் 38 மீட்டர்.

சேறு படிந்த சாலை: சமதளத்தில் 34 மீட்டர்; இறக்கத்தில் 115 மீட்டர்.

ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஒரு விநாடி கழியும். அந்த ஒரு விநாடியில் வண்டி மேலும் 7 மீட்டர் சென்றுவிடும். அதனையும் மேற்கண்ட தூரத்துடன் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இக்கணக்கில் டயரின் அகலம் எந்த இடத்திலும் வரவில்லை என்பதைக் கவனிக்கவும். எடை, சாலையின் தன்மை, வேகம், இறக்கம் ஆகியவை மட்டுமே வருகின்றன. இறக்கத்தில் சேறு படிந்திருந்தால் கிடைக்கும் உராய்வின் பெரும்பகுதி, வண்டி கீழ்நோக்கி ஓடாமல் தடுப்பதிலேயே செலவாகிவிடுகிறது. வண்டியை நிறுத்துவதற்கு மிஞ்சுவது மிகச் சொற்பமே. அந்தப் பாலத்தருகே நேர்ந்ததும் இதுதான்.

இதே கணக்கில் வேகத்தை 15 கிலோமீட்டராகக் குறைத்தால், சேறு படிந்த இறக்கத்தில் நிற்கும் தூரம் 115 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 41 மீட்டராகக் குறைகிறது. வேகத்தைக் குறைக்காமல் டிரெய்லரின் மொத்த எடையை 5 டன்னிலிருந்து 3 டன்னாகக் குறைத்தால் ஏறத்தாழ 68 மீட்டராகிறது. புதிய டயருக்குச் செலவிடும் பணத்தால் கிடைக்காத பாதுகாப்பு, செலவில்லாமலேயே வேகத்தைக் குறைப்பதால் கிடைக்கிறது.

வயலில் நிலைமை வேறு

சாலை கெட்டியானது, டயருக்கு அடியில் அது நொறுங்குவதில்லை. வயலிலோ டயரின் பட்டைகள் மண்ணில் பதிந்து, மண்ணை உந்தித்தான் முன்னேறுகின்றன. மண் அறுபடும்போது சக்கரம் வெறுமனே சுழலும். ஆகவே வயலில் பிடிப்பைத் தீர்மானிப்பது மண்ணின் வலிமை.

மண்ணின் வலிமை இரு வகையில் அமைகிறது. ஒன்று, மண் துகள்கள் ஒன்றோடொன்று உராய்வதால் வருவது. மற்றொன்று, அவை ஒட்டிக்கொண்டிருப்பதால் வருவது. பிரான்சு நாட்டுப் பொறியாளர் கூலும் 1773-ஆம் ஆண்டில் சமர்ப்பித்த ஆய்வுரையில் இவ்வாறு பிரித்துக் காட்டினார். உராய்வால் வரும் வலிமை மேலே வைக்கும் எடைக்கு ஏற்பக் கூடும். ஒட்டுதலால் வரும் வலிமையோ எடையைப் பொறுத்ததன்று. அறுபடும் பரப்பைப் பொறுத்தது. இவ்விடத்தில்தான் டயரின் தடப் பரப்புக்கு வேலை வருகிறது.

மணற்பாங்கான நிலத்தில் ஒட்டுதல் மிகக் குறைவு, உராய்வு அதிகம். அங்கு ஒரு பின் சக்கரத்தின் மேல் 100 கிலோ எடையைக் கூட்டினால் ஏறத்தாழ 60 கிலோ பிடிப்புக் கூடலாம். ஆகவே சக்கரத்தில் இரும்பு எடைகளைப் பூட்டுவதும், டயருக்குள் நீர் நிரப்புவதும் அங்கு நல்ல பலனைத் தரும்.

ஈரமான கரிசல் மண்ணிலும் களிமண்ணிலும் நிலைமை நேர்மாறானது. நீர் நிறைந்த களிமண்ணில் உராய்வு மிகக் குறைவு, ஒட்டுதலே பெரும்பங்கு. அதன் ஒட்டும் வலிமை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.1 கிலோ எனக் கொண்டால், 600 சதுர சென்டிமீட்டர் தடத்திற்கு 60 கிலோ பிடிப்புக் கிடைக்கும். காற்றை மாற்றாமல் 100 கிலோ எடையைக் கூட்டினால் தடம் 700 சதுர சென்டிமீட்டராகிப் பிடிப்பு 70 கிலோ ஆகும். 100 கிலோ ஏற்றியும் கிடைத்தது 10 கிலோவே. சக்கரம் மேலும் புதைவதால் அந்தப் பத்தும் வீணாகிவிடும். மாறாக, எடையைக் கூட்டாமல் அகலமான டயரைப் போட்டுக் காற்றழுத்தத்தை 0.7 கிலோவாகக் குறைத்தால், தடம் ஏறத்தாழ 857 சதுர சென்டிமீட்டராகும். பிடிப்பு 86 கிலோவாகும். புதைவதும் குறையும்.

எனவே மணலுக்கு எடை, களிக்குப் பரப்பு என்று நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. காற்றைக் குறைக்காமல் அகலமான டயரை மட்டும் போட்டுப் பயனில்லை. குறைந்த காற்றிலும் பாரத்தைத் தாங்க வல்லது என்பதே அகலமான டயரின் சிறப்பு. ரேடியல் வகை டயர்களின் பக்கச் சுவர் எளிதில் வளைவதால் அவற்றின் தடம் நீளவாக்கில் அதிகரிக்கிறது. அகலவாக்கில் பெருகும் தடத்தைவிட நீளவாக்கில் பெருகும் தடமே மேலானது. ஏனெனில் சக்கரத்தின் முன்னால் தள்ள வேண்டிய மண் குறைவு. அமுங்கும் நிலமும் குறைவு.

சேற்று நிலத்தில்

நெல் வயலில் சேற்றுழவு செய்யும்போது அகலமான டயர்தான் வேண்டும் என்பதில்லை. மேலே குழைந்த சேறும் கீழே கெட்டியான அடுக்கும் உள்ள வயலில், குறுகிய சக்கரம் சேற்றைக் கிழித்துக்கொண்டு சென்று கெட்டி அடுக்கை எட்டிப் பிடித்துக்கொள்ளும். நடவு இயந்திரங்களின் சக்கரங்கள் குறுகலாகவும் உயரமாகவும் இருப்பதை உழவர்கள் கண்டிருக்கலாம். அடியில் கெட்டி அடுக்கு இல்லாத ஆழமான சேற்றிலோ கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தை டயருடன் இணைத்துக்கொள்வதே சிறந்தது. அதன் குறுக்குச் சட்டங்கள் சேற்றை உந்தித் தள்ளுவதுடன் வண்டி புதையாமலும் காக்கின்றன. கேஜ் வீலைக் கழற்றாமல் சாலையில் ஓட்டுவது சாலைக்கும் கேடு, வண்டிக்கும் கேடு.

மண் இறுகுவதைக் கவனியுங்கள்

உழவியல் துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் இதைச் சற்று அழுத்திக் கூற விரும்புகிறேன். டயரின் காற்றழுத்தம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு அழுத்தம் மேல்மண்ணின் மேல் விழுகிறது. காற்றைக் குறைத்தால் மேல்மண் இறுகுவது குறையும். ஆனால் அடிமண் இறுகுவது அச்சின் மேலுள்ள மொத்தப் பாரத்தைப் பொறுத்தது. 5 டன் டிரெய்லரை ஈர வயலுக்குள் இறக்கினால், எவ்வளவு அகலமான டயர் போட்டிருந்தாலும் அடிமண் இறுகவே செய்யும். இறுகலில் பெரும்பகுதி முதல் முறை சக்கரம் ஏறும்போதே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே வயல் முழுவதும் தாறுமாறாக ஓட்டாமல், சென்ற தடத்திலேயே திரும்பிச் செல்வது நல்லது.

இறுகிய அடிமண்ணில் வேர் இறங்காது. மழை நீரும் இறங்காது. அத்தகைய நிலங்களில் உளிக் கலப்பை கொண்டு அரை மீட்டர் இடைவெளியில் முதலில் ஒரு திசையிலும் பின்னர் அதற்குக் குறுக்காகவும் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆழ உழுது, எக்டருக்கு 12.5 டன் தொழு உரம் இடுவது பலன் தரும். இவ்வுழவை நிலம் உலர்ந்திருக்கும் கோடையில் செய்ய வேண்டும்.

வரிசைப் பயிர்களுக்கு இடையே ஓட்டுவோர் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 75 செ.மீ. இடைவெளியுள்ள பயிரில் 31 செ.மீ. அகல டயர் சென்றால் இருபுறமும் 22 செ.மீ. இடம் மிஞ்சும். 43 செ.மீ. அகல டயர் சென்றால் 16 செ.மீ. மட்டுமே மிஞ்சும். ஓட்டுநர் கை சற்றுத் தவறினாலும் செடிகள் நசுங்கும். பக்க வேர்களும் அமுங்கும்.

சக்கரச் சறுக்கலை அளப்பது எப்படி?

டயர், எடை, காற்று மூன்றும் நம் மண்ணுக்குப் பொருந்துகின்றனவா என்பதை ஓர் எளிய சோதனையால் அறியலாம்.

பின் டயரின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடவும். கலப்பையைத் தூக்கிவிட்டு, வயலில் சக்கரம் 10 முறை சுற்றும் வரை ஓட்டி, சென்ற தூரத்தை அளக்கவும். பின்னர் கலப்பையை இறக்கி உழுதுகொண்டே 10 சுற்று ஓட்டி, தூரத்தை அளக்கவும். எடுத்துக்காட்டாக, முதல் தூரம் 40 மீட்டர், இரண்டாவது தூரம் 35 மீட்டர் என்றால், குறைவு 5 மீட்டர். 40-க்கு 5 என்பது 12.5 சதவீதச் சறுக்கல்.

சறுக்கல் 8 முதல் 15 சதவீதத்திற்குள் இருப்பது நல்லது. அதைவிட அதிகமானால் டீசலும் டயரும் வீணாகின்றன. அப்போது மணல் நிலமாயின் எடையைக் கூட்டலாம். களி நிலமாயின் காற்றைக் குறைக்கலாம், அல்லது மண் காயும் வரை பொறுக்கலாம். சறுக்கல் 8 சதவீதத்திற்கும் குறைவாயின் தேவைக்கு மேல் எடையைச் சுமந்து ஓட்டுகிறோம் என்று பொருள், எடையைக் கழற்றிவிடலாம்.

மண் பதமாக உள்ளதா என்பதை அறிய, ஒரு சாண் ஆழத்திலிருந்து பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கவும். திரி போல நீண்டால் ஈரம் அதிகம். டிராக்டரை இறக்கக் கூடாது. உருண்டை பிடித்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தால் உழவுக்கு ஏற்ற பதம்.

கவனிக்க வேண்டியவை

1. டயரை மாற்றும் முன், ரிம்முக்கும் டிராக்டருக்கும் பொருந்தும் அளவுகளை டிராக்டருடன் வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். 13.6-28 என்று டயரில் இருந்தால் 13.6 என்பது அகலத்தையும், 28 என்பது ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கும்.

2. பின் டயர்களின் காற்றழுத்தம் பெரும்பாலும் 12 முதல் 18 பவுண்டுக்குள் அமையும். வயல் வேலைக்குக் கையேடு கூறும் குறைந்த அளவையும், சாலையில் பாரம் இழுக்க அது கூறும் கூடுதல் அளவையும் வைக்க வேண்டும். வயலுக்குக் குறைத்த காற்றை நிரப்பாமல் பாரத்துடன் சாலையில் ஓடினால் டயர் சூடேறி வெடிக்கக் கூடும்.

3. சாலையில் ஏறும் முன் இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் டிராக்டர் திரும்பிக் கவிழும்.

4. டிரெய்லருக்கும் பிரேக் பொருத்துவது அகலமான டயர் வாங்குவதைவிட நற்செலவு. டிரெய்லரின் எடை அதன் சொந்தச் சக்கரங்களாலேயே நிறுத்தப்படும்போது, அது டிராக்டரைத் தள்ளுவதில்லை.

5. இறக்கத்தில் இறங்குவதற்கு முன்பே குறைந்த கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். டீசலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

6. வயலிலிருந்து சாலைக்கு வரும்போது டயரில் ஒட்டிய களிமண்ணைத் தட்டிவிட வேண்டும். இது நமக்கும், பின்னால் இரு சக்கர வண்டியில் வருபவருக்கும் செய்யும் உதவி.

7. பட்டன் தேய்ந்த டயரை மழைக் காலத்தில் சாலையில் ஓட்டக் கூடாது. நீரும் சேறும் ஒதுங்குவதற்குப் பட்டனின் இடைப் பள்ளங்களே வழி.

8. மழைக் காலத்தில் பாரத்தையும் வேகத்தையும் குறைக்க வேண்டும். ஒரு நடையில் ஏற்றுவதை இரு நடையாகக் கொண்டு செல்வதால் நேரும் செலவு, மருத்துவமனைச் செலவைவிட நிச்சயம் குறைவு.

முடிவுரை

சாலையில் பிடிப்பைத் தருவது பாரத்திற்கேற்ற பிரேக்கும், சாலையின் நிலையும், ஓட்டுநரின் நிதானமுமே ஆகும். அகலமான டயர் வயலுக்கு, அதுவும் குறைந்த காற்றுடன் ஓட்டும்போதுதான் முழுப் பயனைத் தரும்.

அந்த விவசாயியை மறுபடியும் சந்தித்தபோது மேற்கண்ட விவரங்களைக் கூறினேன். "அப்ப இந்த டயரை வித்துப்போடலாங்களா?" என்று கேட்டார். "வேண்டாம் ஐயா, உங்கள் கரிசல் வயலில் அவை நன்றாகவே உழைக்கும். டிரெய்லருக்கு முதலில் பிரேக் போடுங்கள்" என்றேன். அவருடைய மகன் இப்போது மீண்டும் டிராக்டர் ஓட்டுகிறார். ஓடைப் பாலத்து இறக்கத்தில் இரண்டாவது கியரைத் தாண்டுவதில்லை என்று தந்தை கூறினார். மழைக் காலத்தில் பாரம் இழுக்கும் உழவர்கள் அனைவரும் அவ்வாறே செய்து, பாதுகாப்பாக வீடு திரும்ப வேண்டுமென்பதே நம் விருப்பம்.